மணல்வெளி மன்றம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழும் விலங்கும் பறவையும் மரமும் மலரும் மாந்தர்தம் தொழிலும் கருப்பொருள் என்றும், இவற்றின் நடுவே உள்ளத்தில் எழும் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் தொல்காப்பிய மரபு வகுத்துரைக்கும். அகப்பாடல்களுக்குரிய இலக்கணம் என்ற அளவில் இதனை வகுப்பறையில் நடத்தி, தேர்வுக்கு ஒரு வினாவாக்கி, அத்துடன் விட்டுவிடுதல் வழக்கமாகிவிட்டது. ஆயினும் இவ்வகுப்பினுள் பாட்டுக்கு அப்பாற்பட்ட கருத்தொன்று அடங்கியுள்ளது. மாந்தர் உள்ளம் தான் நிற்கும் மண்ணைவிட்டுத் தனித்து இயங்குவதில்லை. குன்றின் நடுவே நிற்பவர் உணர்வது ஒன்று, கடலின் முன் நிற்பவர் உணர்வது மற்றொன்று என்பதே அது. உணர்வுக்கு முன்னே நிலத்தை வைத்த முறைவைப்பு எண்ணத்தக்கது.

இன்று நகரங்களில் பூங்கா, கடற்கரை, ஆற்றங்கரை, குளக்கரை, தெருவோர நிழல் முதலியவற்றைத் திட்டமிட்டு அமைப்பதற்கெனத் தனித்துறை ஒன்று வளர்ந்துள்ளது. ‘நிலத்தோற்றக் கட்டடக்கலை’ என்று அதனைப் பெயர்த்தனர். பெயர்ப்பு நேரானது, நாவுக்கு எளிதன்று. ‘நில எழிற்கலை’ என்று சொல்லிப் பார்க்கலாம். அப்பெயரோ, அணி செய்தலே அக்கலையின் வேலை என்ற பிழையான எண்ணத்தைத் தந்துவிடும். பூச்செடி நடுவதும் நீரூற்று வைப்பதும் அதன் புறத்தோற்றம். மழைநீர் எங்கே ஓடவேண்டும், முதியவர் எங்கே அமர்வார், குழந்தை எவ்வழியே ஓடும், தாய் எங்கிருந்து அதனைக் காண்பாள், சுண்டல் விற்பவர் எங்கே நிற்பார், இவர்களுள் ஒருவர் மற்றவரை விலக்காதவாறு வெளி எங்ஙனம் பகுக்கப்படவேண்டும் என்பனவே அதன் உள்ளீடு. ஆதலின் ‘நிலவடிவமைப்பு’ என்னும் எளிய சொல்லே இவ்வுரையில் ஆளப்படுகிறது.

இத்துறைக்கு இக்கால உருவம் தந்தவராகப் போற்றப்படுபவர் அமெரிக்க நாட்டினரான பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் (1822-1903). நியூயார்க் நகரின் நடுவே 843 ஏக்கர் பரப்பில் விளங்கும் சென்ட்ரல் பூங்காவை அவரும் கால்வெர்ட் வாக்ஸ் என்னும் கட்டடக் கலைஞரும் சேர்ந்து வடிவமைத்தனர். 1858-இல் அவர்கள் திட்டம் போட்டியில் முதலிடம் பெற்றது. பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, வண்டிப் போக்குவரத்து நடப்பவர் கண்ணில் படாதவாறு செய்தது அத்திட்டத்தின் நுட்பம். செல்வரும் ஏழையரும் ஒரே புல்வெளியில் உலவப் பழகினால் நகரின் பகைமைகள் தணியும் என ஓம்ஸ்டெட் நம்பினார். நம்பிக்கை உயர்ந்தது. ஆனால் அப்பூங்கா எழுந்தது ஆளில்லாத வெற்றிடத்தில் அன்று. செனகா வில்லேஜ் என்னும் குடியிருப்பு அங்கிருந்தது. கறுப்பின மக்கள் பலர் தம் உழைப்பால் நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த இடம் அது. 1857-இல் அக்குடியிருப்பு அடியோடு அகற்றப்பட்டது. எல்லார்க்கும் உரிய வெளியை ஆக்குவதற்காகச் சிலரை வெளியே அனுப்பிய கதை இது. சென்னைக் கடற்கரையைப் பற்றிப் பேசுங்கால் இக்கதை வேறொரு வடிவில் மீண்டும் எதிர்ப்படும்.

பசுமையும் திறந்தவெளியும் உடலுக்கு நலம் தரும் என்பதை அறிவியல் தன் வழியிற் சோதித்துள்ளது. ரோஜர் உல்ரிச் என்பார் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பெயர் பெற்றது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளுள், சாளரத்தின் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்தோர், செங்கற்சுவரை மட்டுமே கண்டிருந்தோரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்க்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரு சாளரமே இத்துணைச் செய்யுமெனில் ஒரு கடற்கரை என்ன செய்யாது!

தமிழில் பொதுவெளிக்கு வழங்கிய பழம்பெயர்கள் மன்றம், பொதியில் என்பன. ஊர் நடுவே ஒரு பெருமரம். அதன் அடியில் மக்கள் கூடும் இடம். முதியோர் அமர்ந்து வழக்குத் தீர்க்க, இரவலர் வந்து தங்க, இளையோர் ஆட, மாலையில் ஆவினம் கடந்துசெல்ல எல்லாவற்றுக்கும் ஒரே நிழல். அம் மன்றம் என்ற சொல் இன்று நாடாளுமன்றம், நீதிமன்றம், நகர்மன்றம் எனக் கட்டடங்களுக்கு உரியதாகிவிட்டது. இலக்கிய மன்றங்களும் இதற்கு விலக்கல்ல. மரத்தடியை விட்டு மின்விசிறிக்கு அடியில் வந்து அமர்ந்துவிட்டன. சொல் கூரைக்குள் புகுந்தபின் மரத்தடி வெறும் மரத்தடியாயிற்று. கூரைக்குள் புகாமல் இன்றும் மன்றமாகவே நிற்கும் வெளி ஒன்று தமிழ்நாட்டில் உண்டெனில், அது சென்னை மெரீனாக் கடற்கரையே எனலாம்.

அக்கடற்கரையைப் பலர் இயற்கையின் கொடை என எண்ணுகின்றனர். உண்மை சற்றுச் சிக்கலானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் இன்றைய காமராசர் சாலைக்கு மிக அருகிலேயே இருந்தது. சோழமண்டலக் கரையோரமாக அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே செல்லும். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிக் கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டன. வடக்கே செல்லவேண்டிய மணல் அச்சுவரில் தடைப்பட்டுத் தென்புறத்தே தங்கலாயிற்று. ஆண்டுதோறும் சேர்ந்த அம்மணலே ஏறத்தாழ 300 மீட்டர் அகலமுள்ள இன்றைய பரப்பாக விரிந்தது. மணல் கிடைக்கப்பெறாத வடபுறமோ அரிப்புக்கு இரையாயிற்று. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. தெருக்களும் வீடுகளும் போயின. பாறைகளைக் கொட்டி அணை கட்டவேண்டியதாயிற்று. மெரீனாவின் மணலில் அமர்ந்து காற்று வாங்குவோர், வடசென்னை மீனவர் இழந்த கரையின்மீதே அமர்ந்திருக்கின்றனர் என்று சொன்னால் அது மிகைக்கூற்று ஆகாது. ஓரிடத்தின் நிலவடிவம் மற்றோரிடத்தின் நிலவடிவத்தைக் கெடுத்தும் உருவாகலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேடவேண்டுவதில்லை.

இவ்வாறு தற்செயலாய் வளர்ந்த மணலை நகரின் உலாவிடமாகக் கண்டவர் 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப். கரையோரமாக நடைபாதை அமைப்பித்து, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் கடற்கரை நினைவாக மெரீனா எனப் பெயரும் இட்டார். பெயர் அயலது, ஆனால் ‘பீச்’ என்றே வழங்கும் சென்னைவாசிகளிடம் அதுகூடச் செந்தமிழ்போல் ஒலிக்கிறது.

கிராண்ட் டஃப் காலத்துக்குப் பின் பலமுறை திருத்தப்பட்டாலும், அவ்வடிவமைப்பின் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. நேப்பியர் பாலத்தின் அருகிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் நீள நீளமான பட்டைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. மேற்கே சேப்பாக்கம் அரண்மனை, பல்கலைக்கழகச் செனட் மண்டபம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், இராணி மேரி கல்லூரி என வரிசையாகக் கட்டடங்கள். அவற்றை அடுத்து அகன்ற சாலை. அதனை அடுத்து நடைபாதை, பின் புல்வெளியும் உட்சாலையும், அதன்பின் மணல், மணலின் முடிவில் கடல். ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு வேகம். சாலையில் விரைவு; நடைபாதையில் நடை; புல்வெளியில் அமர்தல்; மணலில் கால் புதைவதால் தானே வரும் தளர்ச்சி; அலையருகே நின்றுவிடுதல். சாலையில் இறங்கிய ஒருவர் அலையைத் தொடும் முன், எவரும் சொல்லாமலேயே, ஐந்து படிகளில் தம் அவசரத்தைக் களைந்துவிடுகிறார். திருக்கோயில்களில் கோபுரம், பிராகாரம், மகாமண்டபம், அர்த்தமண்டபம் எனக் கடந்து கருவறை முன் நிற்பதுபோன்ற ஒரு முறைவைப்பு இது. அதனைத் திட்டமிட்டவர்கள் கோயிலை நினைத்திருக்கமாட்டார்கள். நடக்கும் மக்களின் கால்களுக்கு அது பழகிய வழி.

நெய்தல் நிலத்துக்குச் சிறுபொழுது எற்பாடு. இச்சொல்லுக்கு உரையாசிரியர் தரும் விளக்கங்கள் வேறுபடினும், பொழுது சாயும் நேரம் எனப் பொதுவாகக் கொள்ளலாம். மெரீனாவின் நேரமும் அதுவே. திருவல்லிக்கேணியின் நெருக்கமான சந்துகளில் ஓரறை வீடுகளில் வாழ்வோர், மாலையில் வீட்டைவிட இப்பெருமணலையே தம் கூடமாகக் கொள்கின்றனர். புதுமணத் தம்பதியர் கூட்டுக்குடும்பத்தில் பேசமுடியாததை இங்கே பேசிக்கொள்கின்றனர். மேன்ஷன் அறைகளில் நால்வராகத் தங்கி வேலை தேடும் இளைஞர்க்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தைத் தனியே படிக்க நெடுங்காலம் இதுவே இடமாயிருந்தது. இன்று கடிதத்தின் இடத்தில் கைப்பேசி. பட்டாணிச் சுண்டல், சுட்ட சோளம், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடும் பலகை, ராட்டினம், குதிரை. இவற்றுள் எதனையும் வாங்காமலும் அங்கே இருக்கலாம் என்பதே பெரிது. நுழைவுக் கட்டணம் இல்லை, வாயில் இல்லை, ‘நீ யார்’ என்று வினவுவார் இல்லை. ஒருவர் கையில் காசின்றி, காரணமின்றி, நீண்ட நேரம் இருப்பதற்கு உரிமையுள்ள இடங்கள் நகரங்களில் அருகிக்கொண்டே வருகின்றன. உலக நல நிறுவனம் தன் அமைப்புச் சட்டத்தில் நலம் என்பதற்கு உடல், உள்ளம், கூட்டுவாழ்வு ஆகிய மூன்றன் நிறைவு எனப் பொருள் கூறியுள்ளது. மூன்றாவதாகிய கூட்டுவாழ்வின் நலம் மருந்தகத்தில் கிடைப்பதன்று.

காணும் பொங்கலன்று இக்கடற்கரை அடையும் கோலத்தைக் கண்டோர் மறவார். இலட்சக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் வந்து மணலில் அமர்வர். கூட்டத்தில் பிள்ளைகள் காணாமற்போகாதிருக்கும் பொருட்டு, பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் கட்டிவிடுகின்றனர். மறுநாள் காலையில் எஞ்சும் குப்பையைப் பற்றி நாளிதழ்கள் எழுதத் தவறுவதில்லை; அக்குப்பையை அள்ளும் துப்புரவுப் பணியாளரைப் பற்றி அத்துணை எழுதுவதில்லை.

மன்றம் என்பது மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று, வழக்குரைக்கவும் உரியது. 1923 மே 1 அன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னையில் இரு கூட்டங்களாக நடத்தினார். அவற்றுள் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிகழ்ந்தது. அவர் அயோத்திக்குப்பத்தில் மீனவர் குடியிற் பிறந்தவர். தம் முன்னோர் வலை உலர்த்திய மணலையே தொழிலாளர் மேடையாக்கினார். 1959-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை அங்கே நிறுவப்பட்டது. நால்வர் ஒரு பாறையை நெம்பும் அச்சிலை, கடலை நோக்கிச் செல்வோரை ஒரு கணம் நிறுத்திவைக்கும் ஆற்றல் உடையது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோர் சிலைகள் நடைபாதையோரம் எழுந்தன. தமிழ் இலக்கிய வரலாற்றை ஒரு மாலை நடையில் கடந்துவிடும் பேறு வேறெந்த ஊருக்கு வாய்த்தது! 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியும், 2006-இல் அது மீண்டும் நிறுவப்பட்டபோது கண்ட மகிழ்ச்சியும், பொதுவெளியில் நிற்கும் ஒரு சிலை மக்கள் உள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில் வேர் விட்டிருந்தது என்பதைக் காட்டின. பேருந்து நிறுத்தத்தின் அடையாளமாகவே அதனை அறிந்திருந்தோரும் அதற்காகக் குரல் கொடுத்தனர். 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மாணவர்கள் ஒரு வாரம் இம்மணலில் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். 23-ஆம் நாள் காவல்துறையினர் அவர்களைக் கலைத்தபோது ஓடிவந்த மாணவர்க்கு அடைக்கலம் தந்தவை அருகிலிருந்த மீனவர் குப்பங்களே.

அக்குப்பங்களைப் பற்றி விரித்துரைக்காமல் மெரீனாவைப் பற்றிப் பேசுதல் முறையாகாது. நடைபாதை வருமுன்னே, துறைமுகம் வருமுன்னே, அக்கரையில் இருந்தோர் அவர்கள். அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் ஆகிய ஊர்கட்கு மணல்வெளி என்பது படகு ஏற்றும் துறை, வலை உலர்த்தும் களம், மீன் விற்கும் அங்காடி, பிள்ளைகள் ஆடும் முற்றம். நகரத்தார்க்கோ அதே மணல் காட்சி. ஒரு நிலத்தைத் தொழிலாகக் காண்பவர்க்கும் காட்சியாகக் காண்பவர்க்கும் இடையே நிகழும் வழக்கு இது. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்தும் முயற்சியில் மீனவரின் கட்டுமரங்களும் வலைகளும் மெரீனாவிலிருந்து அகற்றப்பட்டன. எதிர்ப்பு வலுத்துத் துப்பாக்கிச்சூடு வரை சென்றது. மீனவர் உயிர்கள் பறிபோயின. கட்டுமரம் கண்ணுக்கு அழகில்லை என்று முடிவு செய்தவர் யார்? அம்முடிவுக்கு எந்த அழகியல் நூல் சான்று? செனகா வில்லேஜின் தேவாலயமும் சென்னையின் கட்டுமரமும் வடிவமைப்போர் வரைபடத்தில் ஒரே பெயரால், ‘அகற்றத்தக்கவை’ என்று குறிக்கப்பட்டன.

பட்டினப்பாலையைப் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு காட்சி நினைவுக்கு வரும். புகார்க் கடற்கரையில் பரதவர் முழுமதி நாளில் தொழிலுக்குச் செல்லாது, மணலில் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்ந்ததை அந்நூல் விரிக்கிறது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் அதே புகாரின் கரையில் நகர மாந்தர் எல்லாரும் வந்து திரண்டனர். தொழிற்களமும் விழாக்களமும் ஒரே கானலில் இயங்கின. ஒன்றை வைக்க மற்றொன்றை அகற்றவேண்டும் என்ற எண்ணம் புலவர்க்குத் தோன்றவில்லை. அக்காலத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று இதனாற் கூறிவிட முடியாது. கரையில் பரதவர் இருத்தல் இயல்பு என்ற அளவிலாவது ஒப்புதல் இருந்தது என்று கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது மெரீனாவில் நடைப்பயிற்சியில் இருந்தோரும் மட்டைப்பந்து ஆடிய சிறுவரும் குப்பத்து மக்களும் ஒருங்கே அலையில் அகப்பட்டனர். நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல், இலக்கணத்திலிருந்து எழுந்து கரைக்கு வந்த நாள் அது. அதன்பின் சென்னையின் மீனவக் குடும்பங்கள் பல, கடலுக்குத் தொலைவிலுள்ள செம்மஞ்சேரியில் கட்டப்பட்ட வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. சுவரும் கூரையும் கிடைத்தன. கடலின் நிறம் பார்த்துக் காற்றின் திசை அறிந்து விடியுமுன் தொழிலுக்குப் புறப்படும் வாழ்வு கிடைக்கவில்லை. வீட்டைக் கணக்கிட்டவர்கள், வீட்டுக்கும் அலைக்கும் இடையேயுள்ள தொலைவைக் கணக்கிடத் தவறினர்.

நொச்சிக்குப்பத்தை ஒட்டிய இணைப்புச் சாலையில் மீன் விற்ற பெண்டிரின் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023-இல் அகற்றப்பட்டபோது பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. மீன்களைச் சாலையில் கொட்டியும் படகுகளைக் குறுக்கே நிறுத்தியும் மக்கள் போராடினர். இம்முறை முடிவு சற்று வேறுபட்டது. 2024 ஆகத்தில் 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி அங்கேயே, அவர்கள் வாழும் இடத்திலேயே திறக்கப்பட்டது. புதிய கூரையின்கீழ் வணிகம் பழைய சாலையோரத்து வணிகம்போல் நடக்குமா என்ற கவலை மீன் விற்கும் பெண்டிர்க்கு உண்டு. வண்டியை நிறுத்தி, இறங்காமலே விலை கேட்டுப் போனவர் உள்ளே நடந்து வருவாரா என்பது அவர்கள் கேள்வி. வாங்குவோரின் கால் எங்கே திரும்பும் என்று அறிவதில் அவர்கள் எந்த வடிவமைப்பாளர்க்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் ஊரைவிட்டு அகற்றாது ஊருக்குள்ளேயே இடம் வகுத்தமை, 1985-ஐ அறிந்தோர்க்குச் சிறிய மாற்றமன்று.

கருப்பொருளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. நெய்தலுக்கு உரிய மரஞ்செடிகளாகப் புன்னை, தாழை, ஞாழல், அடும்பு என்பவற்றைச் சங்கப் புலவர் மீண்டும் மீண்டும் காட்டுவர். நற்றிணை 172-ஆம் பாட்டில், விளையாட்டாகப் புதைத்த விதையிலிருந்து முளைத்து நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்பட்ட புன்னையைத் தலைவிக்கு உடன்பிறந்தாளாகத் தாய் கூறியிருந்தாள். அதன் நிழலில் காதலனோடு பேசத் தலைவி நாணுகிறாள். கடற்கரையில் மரத்துக்கும் மனிதர்க்கும் இருந்த உறவு அத்தகையது. இன்றைய மெரீனாவில் அவ்விடத்தைப் பிடித்திருப்பது புல்தரை. நன்னீர் பாய்ச்சினாலன்றி அது உயிர் வாழாது. கோடைகளில் குடிநீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்ற நகரம் சென்னை. அடும்புக்கொடியோ எவரும் நீர் ஊற்றாமல் உவர்க்காற்றில் படர்ந்து, மணலைத் தன் வேர்களால் பற்றிக் காக்கும். இராவணன் மீசை எனப்படும் புல்லும் அத்தகையதே. களை என்று இவற்றைப் பறித்தெறிந்துவிட்டு அங்கே புல் விரிப்பது, தாயைப் போக்கிவிட்டுச் செவிலியைத் தேடுவது போலாம்.

நிழல் இன்மையும் சிறு குறையன்று. 2024 அக்டோபர் 6 அன்று வான்படையின் சாகச நிகழ்ச்சியைக் காண இலட்சக்கணக்கான மக்கள் மெரீனாவில் திரண்டனர். நண்பகல் வெயில்; ஒதுங்க நிழல் அரிது; குடிக்க நீர் கிட்டவில்லை; திரும்பிச் செல்லும் வழிகளில் நெரிசல். அன்று ஐவர் உயிரிழந்தனர். மாலைக்கென்றே பழகிய வெளியை நண்பகலில் நிரப்பியதன் விளைவு அது. முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் இணைத்துச் சொன்ன இலக்கணத்தைத் திட்டமிடுவோர் ஒருகால் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

கருப்பொருளில் விலங்கும் அடங்கும். சனவரி முதல் மார்ச்சு வரை பங்குனி ஆமைகள் இக்கரைக்கு வந்து முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் வெளிவந்து, ஒளி மிகுந்த திசையையே கடல் என எண்ணி ஓடும். ஒருகாலத்தில் அவ்வெண்ணம் சரியாகவே இருந்தது. அலைமீது விழும் வானொளியே இரவின் பேரொளி. இன்று உயர்ந்த கம்பங்களின் விளக்குகள் அவற்றைச் சாலையின் பக்கம் இழுக்கின்றன. 1980-களின் இறுதி முதல் மாணவர் குழுக்கள் இரவிரவாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்கவைத்துக் கடலில் விட்டு வருகின்றனர். பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி மாலையில் உலவ வெளிச்சம் வேண்டும் என்பது நியாயம். ஆமைக்கு இருள் வேண்டும் என்பதும் நியாயம். விளக்கின் உயரத்தைக் குறைத்தல், ஒளியைத் தரைநோக்கித் திருப்புதல், முட்டையிடும் மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் அணைத்தல் என வழிகள் உள்ளன. செலவு மிகாத வழிகள். நினைவு வைத்துச் செய்பவர் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, இம்மன்றத்தின் கதவு உண்மையில் எல்லார்க்கும் திறந்திருந்ததா என்ற வினா நெடுங்காலம் எழுப்பப்படாமலே இருந்தது. வாயில் இல்லாத இடத்துக்கும் வாயிற்படி உண்டு. அம்மணலே வாயிற்படி. சக்கர நாற்காலியில் இயங்குவோர்க்கு நடைபாதையின் விளிம்போடு மெரீனா முடிந்துவிடும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, ஒருமுறையும் அலையை அருகில் காணாதவர் பலர் இருந்தனர். மாற்றுத்திறனாளிகள் தொடர்ந்து வேண்டியதன் பயனாக, சில ஆண்டுகள் டிசம்பர்த் திங்களில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை இடப்பட்டது. அதன்பின் 2022 நவம்பர் 27 அன்று விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. முதியவர் பலர் பல்லாண்டுகட்குப் பின் கடலருகே சென்றனர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி முதன்முறையாக அலையை எதிர்கொண்டோரின் முகங்களை அன்றைய நாளிதழ்கள் வெளியிட்டன. அம்முகங்களைக் கண்டபின், நிலவடிவமைப்பு என்பது செல்வர்க்குரிய அழகுப்பொருள் என்று எவரும் வாதிட இயலாது.

திறந்த சில நாட்களிலேயே இரண்டு இடர்கள் நேர்ந்தன. ஒன்று, கால் வலுவுள்ளோரும் திரளாக அப்பாதையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளலாயினர். சக்கர நாற்காலிகள் பின்னே காத்திருக்க நேர்ந்தது. மற்றொன்று, டிசம்பர் 9 இரவு கரை கடந்த மாண்டஸ் புயல் பாதையின் கடற்புறப் பகுதியைச் சிதைத்தது. ‘வீண்செலவு’ என்று நகைத்தோரும் உண்டு. சிதைந்த பகுதி செப்பனிடப்பட்டுப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. புயல் கட்டாயம் திரும்ப வரும். வங்கக் கடலோரத்தில் அது விருந்தினர் அன்று, வீட்டாரே. பழுதாவதையும் பழுதுபார்ப்பதையும் சேர்த்தே திட்டமிட்டால்தான் இக்கரையில் எதுவும் நிலைக்கும். கட்டுமரத்தை ஒவ்வொரு நாளும் அவிழ்த்து உலர்த்தி மறுநாள் மீண்டும் கட்டிய குப்பத்து மக்கள் இதனைத் தலைமுறைகளாக அறிந்திருந்தனர்.

அப்பாதை அலைவரை செல்வதில்லை. அலையேற்றத்துக்கு இடம் விட்டு, சற்று முன்னரே நின்றுவிடுகிறது. அதன் முனையில் மாலை வேளையில் ஒரு சக்கர நாற்காலி நிற்கும். முன்னே எஞ்சியிருப்பது சில அடி ஈரமணல். நாற்காலியில் வந்தவரைத் தூக்கி, அவ்வீரமணலைக் கடந்து, கால்களை நீரில் நனையவைத்து மீண்டும் கொண்டுவந்து அமர்த்த யாரேனும் இருவர் வேண்டும். பெரும்பாலும் அவ்விருவர் கிடைத்துவிடுகின்றனர்: ஒருவர் உடன் வந்த உறவினர்; மற்றவர் அப்பக்கமாகச் சென்ற, பெயர் தெரியாத ஒருவர்.